ஒரே பருப்பு, இரண்டு தண்ணீர்

இண்டூருக்கு மேற்கே எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் இருபத்தாறு வருஷம் சத்துணவு சமைத்தேன். என் சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், தர்மபுரியில் நர்சாக இருக்கிறார்கள், ஒருவன் பஸ்ஸில் கண்டக்டர். எங்கே பார்த்தாலும் "ஆயா" என்று நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். அந்த மரியாதை எல்லாப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரிக்கும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அதற்கும் மேலே. என் மேல் விழுந்த திருட்டுப் பட்டத்தை நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து துடைத்தார்கள். கோர்ட்டு கேஸ் என்று எதுவும் இல்லை. அறிவியல் பாடத்தாலேயே துடைத்தார்கள்.

நான் மூன்றாவது வரை போனவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். இதை எழுதவும் நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு இப்போது உலை வைக்கிற அவசரம் இல்லை.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் சேர்த்துப் பாடம் எடுக்க ஒரு டீச்சர் வந்தார். சின்ன வயசு. தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வருவார். தோளில் ஒரு பை, அதற்குள் பலூன், உறிஞ்சுகுழல், மெழுகுவத்தி, பழைய தண்ணீர் பாட்டில் எல்லாம் கிடக்கும். முதல் வாரத்திலேயே சமையல்கூடத்து வாசலில் வந்து நின்று சிரித்தார்.

"ஆயாம்மா, பெரிய ஸ்கூல்ல லேப் இருக்கும். நமக்கு உங்க சமையக்கட்டுதான் லேப்."

"லேப்போ என்னமோ, பன்னெண்டரைக்குப் பசங்க தட்டத் தூக்கிட்டு நிக்கும். அதுக்குள்ள என் அடுப்பாண்ட யாரும் வரக் கூடாது" என்றேன்.

சொன்னதோடு சரி. அன்றைக்கு மஞ்சள் தூள் கேட்டு ஒரு பிள்ளை வந்தது. மறுநாள் எலுமிச்சம்பழம். அதற்கு மறுநாள் உப்பு ஒரு கை. ஒரு நாள் முட்டையே கேட்டுவிட்டார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைக்கு நாற்பத்து மூன்று முட்டை, எண்ணித்தான் வைத்திருப்பேன்.

"திருப்பிக் குடுத்துடுவோம் ஆயா, சத்தியமா" என்றது கேட்க வந்த பெண்.

வெறும் தண்ணீரில் முட்டை மூழ்குமாம், உப்பு நிறையக் கரைத்தால் மிதக்குமாம். மிதந்த முட்டையைத் துடைத்து நேர்மையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்ற முட்டைகளோடு வேக வைத்தேன். அதில்தான் வம்பு வந்தது. மிதந்த முட்டை எது என்று பந்தியில் சண்டை. "எனக்குத்தான் அந்த முட்டை" என்று ஆறு பேர் சொன்னார்கள். தோலை உரித்த பிறகு எல்லா முட்டையும் ஒரே முட்டைதான் என்று நான் கத்தினேன். டீச்சர் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த அறிவியலில் அப்போது மதிப்பு இல்லை. என் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிற பாடம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். பொக்லைன் தோண்டியதில் பள்ளிக்கு வந்த ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் அறுந்துபோயிற்று. திருப்பிப் போடுவார்கள் என்று பார்த்தோம். போடவில்லை. பள்ளி மைதானத்தில் போர் போட்டு, மேலே ஒரு கருப்புத் தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரைக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் உப்பு கரிக்கும்.

அன்றிலிருந்து என் பருப்பு வேகவில்லை.

எத்தனை ஊற வைத்தாலும், எத்தனை எரித்தாலும், துவரம்பருப்பு பருப்பாகவே நின்றது. முன்னே முக்கால் மணியில் குழைந்து, மத்தைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினால் வெண்ணெய் மாதிரி வரும். இப்போது ஒன்றரை மணி எரிந்தாலும் அடியில் கிடந்து கலகலவென்று ஓடும். மேலே வெறும் புளித் தண்ணீர். எங்கள் பள்ளிக்குக் கொடுத்திருந்த பெரிய குக்கரில் ரப்பர் போய் ரொம்ப நாள் ஆயிற்று. அலுமினிய குண்டானில் திறந்து வைத்துத்தான் சமையல்.

ஊர்ப் பெண்களிடம் தண்ணீர் சரியில்லை என்று சொன்னால் சிரித்தார்கள். "எங்க வூட்டுல போர் தண்ணிதான், மூணு விசில், அவ்ளோதான் ஆயா. கைப்பக்குவம் போயிடுச்சுன்னு சொல்லு" என்றாள் ஒருத்தி. குக்கர் வைத்துச் சமைக்கிறவளுக்குத் தண்ணீரின் குணம் என்ன தெரியும்? விசிலுக்குப் பயந்து எந்தப் பருப்பும் வெந்துவிடும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடச் சொன்னார்கள். பிள்ளைகள் தினமும் சாப்பிடுகிற சாப்பாட்டில் நான் சோடா போடமாட்டேன். அது என் பிடிவாதம்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முட்டை கேட்டு வந்தாளே, அவள்தான். தொட்டதற்கெல்லாம் "ஏன்" கேட்பாள். அவளுடைய அப்பன் தக்காளி லோடு வண்டி வைத்திருந்தான். பள்ளியின் பெற்றோர் குழுவில் அவனும் ஒரு ஆள். குரல் பெரிய குரல். ஒரு நாள் மகளுக்கு நோட்டு கொடுக்க வந்தவன், பந்தி நடக்கும்போது எட்டிப் பார்த்தான். குண்டானுக்குள் கரண்டியை விட்டு மேலாக ஒரு அள்ளு அள்ளி ஊற்றினான்.

"என்னாங்க ஆயா இது, சாம்பாரா, கை கழுவுன தண்ணியா?"

"பருப்பு அடியில இருக்குது தம்பி. போர் தண்ணியில வேவ மாட்டேங்குது."

"தண்ணி மேல எதுக்கு பழியப் போடுறீங்க? பருப்ப போட்டாதானே வேவும்?"

பந்தி அப்படியே நின்றுவிட்டது. நான் குண்டானின் அடியைத் துழாவி ஒரு கரண்டிப் பருப்பை எடுத்துக் காட்டினேன்.

"இது கணக்குக்குப் போட்ட பருப்பு. மீதி எங்கன்னு எனக்கா தெரியாது? ரூம்பு சாவி யார் இடுப்புல தொங்குதுன்னு ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்கு மூன்று பள்ளி. எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்து, சாமான் அளந்து, கணக்கு எழுதிவிட்டுப் போவார். உதவியாளர் வேலை காலியாகவே கிடந்தது. அதனால் மற்ற நாளில் நான்தான் திறப்பேன், நான்தான் பூட்டுவேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பிடி பருப்பு என் முந்தானையில் போனதில்லை. என் பேரனுக்குக் காய்ச்சல் வந்து பருப்புச் சோறு கேட்டபோதுகூட, கடையில் வாங்கித்தான் வைத்தேன்.

இரண்டே நாளில் ஊர் பூராவும் பேச்சு. அவன் மனு எழுதி யூனியன் ஆபீசில் கொடுத்துவிட்டான். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் நல்ல மனிதர், சண்டைக்குப் பயப்படுகிறவர். அமைப்பாளர் அம்மாவும் இருந்தார். ஒரு தாளை என் முன்னால் வைத்தார்கள்.

"ஒரு கையெழுத்து போட்டுடுங்க ஆயா. இதோட முடிஞ்சிடும்" என்றார் தலைமை ஆசிரியர்.

நான் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி. அவர்கள் இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசி வரிக்கு வந்தேன். "இனி இவ்வாறு நடக்காது என உறுதி அளிக்கிறேன்" என்று இருந்தது.

"எது இனி நடக்காது?" என்று கேட்டேன்.

"அது சும்மா எழுதறதுங்க. எல்லாரும் அப்புடித்தான் எழுதுவாங்க" என்றார் அமைப்பாளர் அம்மா.

"நடந்தாத்தானே இனி நடக்காதுன்னு எழுதணும். நான் போட மாட்டேன்."

"போடலன்னா விசாரணை வரும். வேலையே போயிடும் ஆயா."

"வரட்டும்" என்றேன். இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றித் தலைமை ஆசிரியர் மேசை மேல் வைத்தேன். "விசாரணை முடியற வரைக்கும் நீங்களே தொறந்து, நீங்களே அளந்து குடுங்க." வேலை போனால் களை வெட்டப் போவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டவள் என்று பெயர் எடுத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டி வரமாட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு அதிகாரி அம்மா வருவதாகக் கடிதம் வந்தது.

இதற்கும் டீச்சரின் பாடத்துக்கும் முதலில் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வாரம் அவருக்குத் தண்ணீர்ப் பாடம். இரண்டு பாட்டிலில் தண்ணீர். ஒன்றில் போர்த் தண்ணீர், இன்னொன்றில் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒகேனக்கல் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கச் சொன்னார். நான் வெளியே கீரை ஆய்ந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒகேனக்கல் பாட்டிலில் நுரை கழுத்து வரை பொங்கிற்று. போர்ப் பாட்டிலில் தயிர் திரிந்தது மாதிரி மேலே நாலு திட்டு, அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா? ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணுதான். உள்ள கரைஞ்சிருக்கிற உப்பு வேற. இதுக்குப் பேரு கடின நீர், இதுக்குப் பேரு மென்னீர்" என்றார் டீச்சர்.

லோடு வண்டிக்காரன் மகள் எழுந்து நின்றாள். "டீச்சர், சோப்புக்கே தெரியுதுன்னா பருப்புக்கும் தெரியுமா?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"புஸ்தகத்துல பதில் இருக்கும். ஆனா நான் சொல்ல மாட்டேன். கேள்வி வந்தா செஞ்சு பாக்கணும். எப்புடி செய்யலாம்?"

என் கையில் கீரைக் கட்டு அப்படியே நின்றது. நான் மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஒருத்தரும் காதில் வாங்காததை ஒரு பிள்ளை கேள்வியாகக் கேட்டுவிட்டது. அதுவும் யார் பிள்ளை!

அவர்கள் கரும்பலகையில் எழுதி எழுதிப் பேசினார்கள். இரண்டு சட்டி, இரண்டு தண்ணீர். பருப்பு ஒரே பருப்பு, அளவு ஒரே அளவு, ஊற வைக்கிற நேரம் ஒன்று, எரிக்கிற நேரம் ஒன்று. "ஒண்ண மட்டும்தான் மாத்தணும். ரெண்டு மாத்தினா எதனால ஆச்சுன்னு தெரியாது" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகள் பாட்டு மாதிரி அதைப் பாடினார்கள்.

வெள்ளிக்கிழமை செய்வதாக ஏற்பாடு. அடுப்பு என்னுடையது, அதனால் சமைப்பதும் நான். எனக்கு இருந்த உற்சாகத்தில் காலையிலேயே சட்டி இரண்டையும் தேய்த்து வைத்துவிட்டேன். பிள்ளைகள் பருப்பையும் தண்ணீரையும் அளந்து ஊற்றினார்கள். இரண்டு அடுப்பையும் பற்ற வைத்தேன். முதல் சட்டி கொதி வந்தது, அதில் ஒகேனக்கல் தண்ணீர். பருப்பு கொதி வந்தால் என் கை தானாக விளக்கெண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும். ஒரு சொட்டு விட்டால் பருப்பு பூவாக வேகும், நுரை பொங்கி அடுப்பில் வழியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். விட்டேன்.

இரண்டாவது சட்டி கொதி வந்தது. பாட்டில் கையிலேயே இருந்தது. ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

இங்கே ஒளித்துவைக்க எனக்கு மனமில்லை. இதிலும் ஒரு சொட்டு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். நான் விடவில்லை. பாட்டிலை மூடி மாடத்தில் வைத்துவிட்டேன். ஒகேனக்கல் சட்டி ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றேன்.

முக்கால் மணியில் ஒகேனக்கல் சட்டியில் பருப்பு மலர்ந்து குழைந்துவிட்டது. போர்த் தண்ணீர்ச் சட்டியில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். "ஆயா ஜெயிச்சுட்டாங்க" என்று ஒருவன் குதித்தான். எனக்கு மார்பு விம்மிற்று.

அந்தப் பெண் மட்டும் ஒகேனக்கல் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து மோந்தாள். மற்றச் சட்டியையும் மோந்தாள்.

"டீச்சர், இதுல எண்ணெ மெதக்குது. அதுல இல்ல. இது செல்லாது."

"அது சும்மா ஒரு சொட்டு வெளக்கெண்ணெ கண்ணு. கைப்பழக்கம்" என்றேன்.

"ரெண்டுலயும் இருக்கணும் ஆயா. இல்லன்னா ரெண்டுலயும் இருக்கக் கூடாது. எண்ணெயால வெந்துச்சா, தண்ணியால வெந்துச்சான்னு எப்புடித் தெரியும்?"

"உங்கப்பனுக்கு ஏத்த பொண்ணுடி நீ" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவள் முகம் சிவந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. கரும்பலகையில் போய், பெரிய எழுத்தில் "செல்லாது" என்று எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஏரிக்கரை தாண்டும்போது திட்டு தீர்ந்துபோயிற்று. யார் மேல் கோபம் என்று பார்த்தால் என் மேல்தான். திருடவில்லை என்று நிரூபிக்க வந்தவள் ஒரு சொட்டு எண்ணெயில் திருடிவிட்டேன். அப்பன் என்னைக் குற்றம் சொன்னபோது பொய். மகள் சொன்னபோது நிஜம்.

திங்கட்கிழமை காலையில் டீச்சரிடம் இரண்டாவது சட்டி விஷயத்தைச் சொன்னேன். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் எண்ணெய் விடாமல் நின்றேன் என்று.

"இத எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது ஆயாம்மா? பசங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

வகுப்பில் போய் நின்றேன். பத்தொன்பது பிள்ளைகள். என் வாழ்க்கையில் கரும்பலகைக்கு முன்னால் அன்றைக்குத்தான் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ சொன்னதுதான் சரி கண்ணு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் இருந்த ஒருவன் மெதுவாக, "பரவால்ல ஆயா, நாங்களும் பரீட்சையில பாத்து எழுதியிருக்கோம்" என்றான். டீச்சர் அவனை, "யாருடா அந்த நாங்க?" என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் எல்லோரும் சிரித்தோம்.

"நாளைக்கு ஆபீசர் வராங்க. அவங்க முன்னாடியே செய்யலாமா?" என்று டீச்சர் கேட்டார்.

அந்தப் பெண் கை தூக்கினாள். "ஆயா தொடக் கூடாது. டீச்சரும் தொடக் கூடாது. எங்கப்பாதான் பருப்பு அளந்து போடணும். இல்லன்னா நம்ப மாட்டாரு. எந்தச் சட்டியில எந்தத் தண்ணின்னு அவருக்குத் தெரியவும் கூடாது."

எண்ணெய் இல்லாமல் வெறும் தண்ணீரில் அந்த வித்தியாசம் வருமா, வராதா? எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை வெந்தது என் எண்ணெயால் என்றால், செவ்வாய்க்கிழமை ஊர் முன்னால் இரண்டு சட்டியும் ஒன்றாக நிற்கும். என் கதை அதோடு முடியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. "செய்யுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. முதலில் சாமான் அறையைத் திறந்து, இருப்பை எடை போட்டுப் பார்த்தார். கணக்கும் இருப்பும் சரியாக இருந்தது. லோடு வண்டிக்காரன் விடவில்லை. "கணக்குல சரியாத்தாங்க இருக்கும். போட்டதா எழுதிட்டு போடாம வுட்டா?" என்றான். அவனோடு பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். குக்கர்காரிகளும் இருந்தார்கள்.

டீச்சர் அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். "பசங்க செஞ்சு காட்றாங்களா? செய்யட்டும்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு சமையல்கூடத்து வாசலில் உட்கார்ந்துகொண்டார் அந்த அம்மா.

ஒரே அளவுச் சட்டி இரண்டு. ஒன்றுக்கு விளிம்பு நசுங்கியிருக்கும், அதுதான் அடையாளம். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டிலும் தண்ணீரை அளந்து ஊற்றினார்கள். எதில் எது என்று அந்தப் பெண் ஒரு தாளில் எழுதி, மடித்து, அதிகாரி கையில் கொடுத்தாள். அந்த அம்மா அதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார். எனக்கும் தெரியாது எது எதென்று.

"அப்பா, இங்க வா. இந்த டம்ளர்ல பருப்பு அள்ளு. மட்டமா. குமிச்சு எடுக்காத."

அவன் கூட்டத்தைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டே அள்ளினான். அவள் தன் ஸ்கேலை எடுத்து டம்ளர் மேல் வைத்து வழித்தாள். "இப்ப போடு." இரண்டாவது டம்ளரையும் அதே மாதிரி. அத்தனை கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி ஊறியது. இரண்டு அடுப்பையும் ஒன்றாகப் பற்ற வைத்தார்கள். எங்கள் அடுப்பில் இடது பக்கம் தீ கொஞ்சம் அதிகம் வரும். அதையும் விடவில்லை அந்தப் பிள்ளைகள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "மாத்து" என்பார், பிள்ளைகள் அந்த அப்பனையே துணி பிடித்துச் சட்டியை இடம் மாற்றி வைக்கச் சொல்வார்கள். அவன் வேர்த்துக்கொண்டு மாற்றினான்.

நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சமைக்கிறவர்களுக்குத்தான் புரியும். இருபது நிமிஷம் வரை இரண்டும் ஒரே மாதிரி கொதித்தன. இருபத்தைந்தாவது நிமிஷம் போல், நசுங்காத சட்டியில் கொதிக்கிற சத்தம் மாறிற்று. சளசளவென்று இருந்தது தளதளவென்று ஆயிற்று. கெட்டியாகிற பருப்பின் சத்தம் அது. என் காதுக்கு அது போதும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தப் பெண் "செல்லாது" என்று சொல்லிவிடுவாளே.

ஐம்பதாவது நிமிஷம் அடுப்பை அணைத்தார்கள். இரண்டு சட்டியையும் இறக்கி வைத்து, ஒன்றுக்குப் பத்துச் சுற்று, இன்னொன்றுக்குப் பத்துச் சுற்று, எண்ணி எண்ணி மத்தால் கடைந்தார்கள்.

டீச்சர் லோடு வண்டிக்காரனைக் கேட்டார். "நீங்களே பாத்து சொல்லுங்க. எந்தச் சட்டியில பருப்பு நெறைய இருக்கு?"

அவன் கரண்டியை வாங்கினான். நசுங்கிய சட்டியில் விட்டு மேலாக அள்ளி ஊற்றினான். தண்ணீர் மாதிரி விழுந்தது. நசுங்காத சட்டியில் விட்டு அள்ளினான். மஞ்சளாக, கெட்டியாக, கரண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிற்று. அவனுக்குள்ளே இருந்த பழைய கோபம் எழுந்துகொண்டது.

"இதுலதாங்க பருப்பு இருக்குது. இதான் சாம்பாரு. அதுல பாதிகூட இல்ல. அந்தத் தண்ணியத்தான் ஆயா நம்ம புள்ளைங்களுக்கு ஊத்துனது!"

அவன் மகள் கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பா, ரெண்டுலயும் நீதானே அளந்து போட்ட?"

அவன் தான் அளந்த டம்ளரைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப மீதிப் பருப்ப நீ வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியா?"

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கூட்டம் முழுக்கச் சிரித்தது. குக்கர்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். தலைமை ஆசிரியர் கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் நசுங்கிய சட்டியின் அடியைத் துழாவினான். கலகலவென்று முழுப் பருப்பு ஒரு கரண்டி வந்தது. உள்ளங்கையில் போட்டு நசுக்கிப் பார்த்தான். நசுங்கவில்லை.

அதிகாரி அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்து, தாளைப் பிரித்து, பலமாக வாசித்தார். "நசுங்குன சட்டி, போர் தண்ணி. நல்ல சட்டி, ஒகேனக்கல் தண்ணி." அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏன் பாப்பா வேவல?" என்று கேட்டார். "போர் தண்ணியில சுண்ணாம்பு மாதிரி உப்பு கரைஞ்சிருக்குதுங்க மேடம். அது பருப்ப எளக விடாம இறுக்கிப் புடிச்சுக்கும்" என்றாள். அவர் அதையே தன் நோட்டில் எழுதினார். குழாயைத் திருப்பிப் போட அங்கேயே போனில் பேசினார். என்னைப் பற்றி எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். நான் எழுத்துக் கூட்டிக் கடைசி வரை வாசித்தேன். "புகாரில் உண்மை இல்லை" என்று இருந்தது. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். அவசரப்படாமல் இன்னொரு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

லோடு வண்டிக்காரன் என்னிடம் வந்தான். "ஆயா, தெரியாம சொல்லிட்டேங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றான். குரல் அவனுடைய குரலே இல்லை.

"இவ்ளோ மெதுவா நீ பேசி நான் கேட்டதில்லையே தம்பி" என்றேன். "திருடின்னு ஊர் பூரா சொன்ன. இல்லைன்னு சமையக்கட்டுல வந்து சொல்ற. அது எப்புடி சரியாவும்? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புல வந்து சொல்லு. ஊரே அங்கதான் நிக்கும். அப்புறம், குழா வர்ற வரைக்கும் உன் வண்டியில தெனமும் ரெண்டு ட்ரம் ஒகேனக்கல் தண்ணி கொண்டாந்து எறக்கு."

"ட்ரம்மு எறக்கிடறேங்க. பஸ் ஸ்டாப்பு மட்டும்..."

"ரெண்டும் வேணும்" என்றேன். அவன் மகள், "போப்பா, சொல்லிட்டு வந்துடு" என்றாள்.

மறுநாள் வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பென்னாகரம் போகிற பஸ் வந்து நின்றது. காலேஜ் பிள்ளைகள், மில்லுக்குப் போகிற பெண்கள், மார்க்கெட்டுக்குக் கூடையோடு நிற்கிறவர்கள் என்று கூட்டம். அவன் வந்தான். ட்ரம் வைத்த வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லோரும் கேட்க, "ஆயா பருப்பு எடுக்கல, தப்பு என் மேலதான், தண்ணியாலதான் வேவல" என்று சொன்னான்.

"சத்தம் பத்தல. இஞ்சின் ஓடிட்டு இருக்குது" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இஞ்சினை அணைத்தார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டினார்கள்.

அவன் இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை அவனுடைய சொந்தக் குரலில்.